அரசு அலுவலகத்துக்குத் திறமூல மென்பொருளை எதைச் சொல்லிக் கேட்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் இது: ஒரு பொது அலுவலகத்தில் வேலை செய்கிறீர்கள். திறமூல மென்பொருளுக்கு, அதாவது மூலநிரலை (அதை எழுதிய கட்டளை வரிகளை) யாரும் படிக்கவும் திருத்தவும் விடுகிற மென்பொருளுக்கு, மாறலாம் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதப் போகிறீர்கள். இலவசமாகக் கிடைக்கிற ஒன்றுக்கு உலகத்து அரசுகள் எல்லாம் ஏன் இன்னும் மாறவில்லை, மாறிய, ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகராட்சியே திரும்பிப் போய்விட்டதே என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்கிறீர்கள். கேள்வி இரண்டாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இத்தனை வருடமாக நாம் சொல்லிவந்த நியாயத்திலேயே ஓட்டை இருக்கிறதா, இல்லை அதைச் சொன்ன விதத்தில் கோளாறா? நியாயம் சரி என்றுதான் நினைக்கிறேன். 'இலவசம்' என்ற சொல்லில் பேச்சைத் தொடங்கியதுதான் கோளாறு. உங்கள் கேள்வியும் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடமாக அலுவலகக் கணினிகளைத் திறமூல மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் வேலை. பெரும்பாலும் ஆவணங்கள், கணக்குத் தாள்கள், மின்னஞ்சல், பதிவேடுகள். மருத்துவக் கருவிகள், பொறியியல் வரைபடம் போன்ற சிறப்பு மென்பொருள்களில் நான் வேலை செய்ததில்லை. அங்கே மாற்று மென்பொருள் இருக்கிறதா, தரமானதா என்பதை அந்தத் துறைக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். அப்புறம், நான் இதில் நடுநிலையாளன் இல்லை. பொதுப்பணத்தில் எழுதப்படும் மென்பொருள் பொதுமக்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சரி, விலைக்கு வருவோம். மென்பொருளுக்காக ஒரு அலுவலகம் செய்யும் செலவில் உரிமத் தொகை ஒரு பங்குதான். பழைய கோப்புகளை மாற்றுவது, ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது, கோளாறு வந்தால் கூப்பிட ஆள் வைப்பது, மற்ற துறைகளின் மென்பொருளோடு இணைப்பது எல்லாம் எந்த மென்பொருளாக இருந்தாலும் உண்டு. மாறுகிற முதல் இரண்டு மூன்று வருடங்களில் செலவு கூடலாம். இதை மறைத்துக் குறிப்பு எழுதினால் நிதிப் பிரிவில் இருக்கும் விவரமானவர் ஒருவர் அரைமணி நேரத்தில் அதைப் பிரித்து மேய்ந்துவிடுவார். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விலையை மட்டுமே காட்டினால், விற்பவர் விலையைக் குறைத்த அன்றே உங்கள் வாதம் தீர்ந்துபோகும்.

நீங்கள் கேட்ட மியூனிக்கின் தொடக்கமே இதற்கு நல்ல உதாரணம். 2003ல் அந்த நகராட்சி லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தின் பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் நேரிலேயே மேயரைப் பார்க்கப் போனார். விலையும் இறங்கியது. அப்படியும் அந்த மே மாதம் நகர மன்றம் லினக்ஸுக்கே வாக்களித்தது. அவர்களை உறுத்தியது வேறு. பயன்படுத்திக்கொண்டிருந்த விண்டோஸ் என்.டி. 4க்கு இனி ஆதரவு கிடையாது என்று விற்ற நிறுவனம் அறிவித்ததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான கணினிகளை மாற்றியே தீர வேண்டிய நிலை. எப்போது மாறுவது என்ற முடிவு நகராட்சியின் கையில் இல்லை. இதே நிலை 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.யை வைத்திருந்தவர்களுக்கு வந்தது. அதற்குள் மாறி முடிக்காத பிரிட்டன் அரசு, இன்னும் ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதற்காக மட்டும் சுமார் 55 லட்சம் பவுண்டு கட்டியது. இந்தப் பிடி யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வியைத்தான் உங்கள் குறிப்பின் முதல் பத்தியில் வைக்கச் சொல்வேன்.

இதை அழகாகச் சொன்ன ஒரு கடிதம் இருக்கிறது. 2002ல் பெரு நாட்டில், அரசு அலுவலகங்கள் கட்டற்ற மென்பொருளையே (திறமூலத்தின் இன்னொரு பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) பயன்படுத்த வேண்டும் என்று எட்கர் வில்லானுவேவா என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு மசோதாவை முன்வைத்தார். மைக்ரோசாஃப்டின் பெரு நாட்டுப் பொது மேலாளர் அதை எதிர்த்து அவருக்குக் கடிதம் எழுதினார். வில்லானுவேவா அந்தக் கடிதத்தின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வரிசையாகப் பதில் சொன்னார். தன் மசோதாவுக்கு அடிப்படை என்று அவர் காட்டியவை மூன்று. அரசிடம் உள்ள தகவலைக் குடிமக்கள் தடையில்லாமல் பெற வேண்டும். அரசின் தரவு காலத்துக்கும் நிலைக்க வேண்டும். நாட்டுக்கும் மக்களுக்கும் பாதுகாப்பு வேண்டும். பணம் மிச்சமாகும் என்பது அந்த மூன்றில் இல்லவே இல்லை. மசோதா அவர் எழுதியபடி சட்டமாகவில்லை. 2005ல் அங்கே வந்த சட்டம், மென்பொருள் வாங்குமுன் மதிப்பீடு செய்து காரணம் காட்ட வேண்டும் என்ற அளவில் நின்றுகொண்டது. ஆனால் அந்த மூன்று காரணங்களையும் இன்று வரை யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. அவற்றை என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன்.

தரவு நிலைப்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். பல வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்தின் பதிவறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு அட்டைப்பெட்டி நிறைய நெகிழ்வட்டுகள் (ஃப்ளாப்பி). ஓய்வூதியம் தொடர்பான உத்தரவுகள் அதில் இருந்தன. தட்டச்சு செய்யப் பயன்பட்ட சொற்செயலியை விற்ற நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. எழுத்துருவும் அந்த நிறுவனம் தனக்கென்று செய்துகொண்டது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணை எங்கும் வெளியாகவில்லை. வட்டுகளில் பாதிக்குமேல் படிக்க முடிந்தது. ஆனால் கோப்பைத் திறந்தால் திரை முழுக்கக் கேள்விக்குறியும் கட்டமும்தான். பதிவறையைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மா ஒரு யோசனை சொன்னார். "சார், இதுல சிலதுக்கு அச்சடிச்ச பிரதி இரும்பு அலமாரியில இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஆகாதா?" அப்படியே செய்தோம். அவர் காகிதத்தை வாசிப்பார், நான் திரையில் அந்த இடத்தில் இருக்கும் எண்ணைக் குறிப்பேன். பதினோரு நாள் உட்கார்ந்து ஒரு எழுத்து அட்டவணையைத் தயாரித்தோம். அது கிடைத்த பிறகுதான் மிச்சக் கோப்புகளைப் படிக்க வழி பிறந்தது. அந்த அலமாரியில் பிரதிகள் இல்லாமல் போயிருந்தால், அரசே கையெழுத்திட்ட உத்தரவுகளை அரசே படிக்க முடியாமல் போயிருக்கும்.

ஆகவே முழு மென்பொருளையும் மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் கோப்பு வடிவத்தைப் பற்றிக் கேளுங்கள் என்பேன். திறந்த ஆவண வடிவமான ஓ.டி.எஃப். 2006லேயே சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரமாகிவிட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2005ல் திறந்த வடிவங்களில்தான் ஆவணங்களைச் சேமிக்க வேண்டும் என்று அறிவித்தபோது பெரிய சண்டையே நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் வடிவத்தையும் தரமாக்க முனைந்து, கடும் சர்ச்சைக்கு நடுவே 2008ல் அதற்கும் ஐ.எஸ்.ஓ. ஒப்புதல் வாங்கியது. 2014ல் பிரிட்டன் அரசு, திருத்தக்கூடிய ஆவணங்களைப் பகிர ஓ.டி.எஃப். என்று முடிவு செய்தது. வடிவம் திறந்திருந்தால் இன்றைக்கு எந்த மென்பொருளில் எழுதினாலும் நாளைக்கு வேறொன்றில் திறக்கலாம். இதைக் கேட்பதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

அடுத்தது தகவலைப் பெறும் உரிமை. இதில் நான் ஆவணங்களை மட்டும் சொல்லவில்லை. அரசு ஒரு முடிவைக் கணினி மூலம் எடுத்தால், அந்த முடிவு எப்படி வந்தது என்று பாதிக்கப்பட்டவர் கேட்க முடிய வேண்டும். பிரிட்டன் தபால் நிலையங்களில் நடந்ததைப் பாருங்கள். ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பணம் குறைவதாகக் காட்டியதை நம்பி, 1999க்குப் பிறகு 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். மென்பொருளில்தான் கோளாறுகள் இருந்தன என்பதை 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய வேண்டியிருந்தது. மூலநிரல் திறந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கொடுமைக்கு நிர்வாகம் உண்மையை மறைத்ததும் காரணம், கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டதும் காரணம். ஆனால் திறந்திருந்தால், குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் வெளியாள் ஒருவரை அழைத்து 'இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்' என்று கேட்டிருக்கலாம். அந்த வாய்ப்புக்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல உதாரணமும் உண்டு. 2020ல் ஜெர்மனி கொரோனா தொடர்பு எச்சரிக்கைச் செயலியை வெளியிட்டபோது அதன் மூலநிரலை முழுக்கப் பொதுவில் வைத்தது. அரசு நம்மைக் கண்காணிக்குமோ என்று பயந்தவர்கள் நிரலைத் தாங்களே படித்துப் பார்க்க முடிந்தது.

மூன்றாவது பாதுகாப்பு. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் மிகைப்படுத்துகிறார்கள் என்பதால் நிச்சயமானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். திறமூல நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்பது நிச்சயம். யாராவது படித்துப் பார்க்கிறார்கள் என்பது நிச்சயமில்லை. இணையப் பாதுகாப்புக்கு அடித்தளமான ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லில் இருந்த ஹார்ட்பிளீட் பிழை, 2012ல் வெளியான பதிப்போடு உள்ளே நுழைந்து 2014 ஏப்ரல் வரை வெளியே தெரியாமல் கிடந்தது. உலகத்தின் பெரிய வலைத்தளங்கள் நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அப்போது வருடத்துக்கு 2,000 டாலர் அளவில்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. வேலை பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் நுட்பமானது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்ற சின்ன நிரல்தொகுப்பை ஒரே ஒரு தன்னார்வலர் தன் ஓய்வு நேரத்தில் பராமரித்துவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் உள்ளே ஒரு கள்ளக் கதவை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று கவனித்தார். அரை நொடிதானே என்று விடாமல் தோண்டிப் பார்த்ததில் குட்டு உடைந்தது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது. அதே சமயம், அவர் அன்று அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அது உலகம் முழுக்கப் பரவியிருக்கும். இரண்டும் உண்மை. 'திறமூலம் என்பதால் பாதுகாப்பானது' என்று உங்கள் குறிப்பில் எழுதாதீர்கள். 'நாமும் ஆய்வு செய்யலாம், நாமே திருத்தலாம், அதற்கு ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும்' என்று எழுதுங்கள். ஹார்ட்பிளீடுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் தான் பயன்படுத்தும் சில திறமூல மென்பொருள்களைத் தன் செலவில் தணிக்கை செய்தது. ஜெர்மனி 2022ல் இப்படிப்பட்ட அடித்தள நிரல்களின் பராமரிப்புக்கென்றே ஒரு நிதியம் தொடங்கியது. உரிமத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி பராமரிப்பவர்களுக்குப் போக வேண்டும். இதை நான் தயவாகக் கேட்கவில்லை. சாலையைப் போட்டுவிட்டுப் பராமரிக்காமல் விட்டால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும்.

இப்போது மியூனிக் ஏன் திரும்பியது என்பதற்கு வருகிறேன். நிச்சயமாகத் தெரிந்தவை இவை. 2013 வாக்கில் சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்ததாக நகராட்சி அறிவித்தது. 2014ல் புதிய மேயர் வந்தார். 2017ல் நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. 2020ல் அமைந்த கூட்டணி, பொதுப்பணத்தில் எழுதப்படும் நிரல் முடிந்தவரை பொதுவில் வைக்கப்படும் என்று ஒப்புக்கொண்டது. 'திரும்பிப் போய்விட்டது' என்பதோடு கதை முடிந்துவிடவில்லை. ஏன் திரும்பினார்கள் என்பதில்தான் ஆளுக்கொரு விளக்கம். மைக்ரோசாஃப்ட் தன் ஜெர்மன் தலைமையகத்தை 2016ல் மியூனிக் நகருக்குள் கொண்டுவந்ததைக் காட்டி, அதுதான் காரணம் என்று நம் பக்கத்தில் பலர் சொல்வார்கள். அதற்கு நிரூபணம் கிடையாது. உங்கள் குறிப்பில் அதை எழுத வேண்டாம். நகராட்சி ஏற்பாடு செய்த ஆய்வு, தொழில்நுட்பத்தைவிட நிர்வாக அமைப்பில்தான் பெரிய சிக்கல்களைக் கண்டது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி கணினிப் பிரிவு, பழைய பதிப்புகள், எதற்கு யார் பொறுப்பு என்று தெரியாத நிலை. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை. மாற்றத்துக்குப் பிறகு எதற்கெடுத்தாலும் பழி லினக்ஸின் மேல்தான் விழும். அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கினால்கூட 'இந்தப் புது கணினி வந்ததிலிருந்தே இப்படித்தான்' என்பார்கள். அந்தப் புகாரை எடுத்துக் கேட்டு, காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் இல்லையென்றால் ஐந்து வருடத்தில் அது பொதுக்கருத்தாகிவிடும்.

மியூனிக்கோடு பிரெஞ்சு ஜாந்தர்மெரியை ஒப்பிட்டுப் பாருங்கள். அது காவல் வேலை செய்யும் படைப்பிரிவு. நாடு முழுக்கச் சின்னச் சின்னக் காவல் நிலையங்கள். 2005ல் அவர்கள் விண்டோஸைத் தொடவே இல்லை. அதன்மேல் ஓடும் ஆவண மென்பொருளை மட்டும் ஓப்பன் ஆபீஸ் என்ற திறமூல மென்பொருளுக்கு மாற்றினார்கள். அடுத்து உலாவியும் மின்னஞ்சல் செயலியும் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் என்று மாறின. தினம் கைபடும் மென்பொருள்கள் எல்லாம் பழகிய பிறகு, 2008லிருந்து, புதுக் கணினி வாங்கும்போதெல்லாம் லினக்ஸ் வகையான உபுண்டுவோடு கொடுத்தார்கள். விண்டோஸின் அடுத்த பதிப்பான விஸ்டாவுக்குப் போனாலும் எப்படியும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. 2024 அளவில் ஏறத்தாழ ஒரு லட்சம் கணினிகள், கிட்டத்தட்ட எல்லாமே, அதில் ஓடின. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலமும் இந்த வரிசையில்தான் போகிறது. 2024 ஏப்ரலில் 30,000 பணியிடங்களுக்கு, ஓப்பன் ஆபீஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆபீஸ் என்று அறிவித்தது. 2025 அக்டோபரில் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளைத் திறமூல மென்பொருளுக்கு மாற்றி முடித்தது. லினக்ஸ் அதற்கு அடுத்த படி. நடுவில் ஊழியர்களிடமிருந்து புகார்கள் வரத்தான் செய்தன. அங்கே கடைசி வரை தாக்குப்பிடிக்குமா என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இயங்குதளத்தைக் கடைசியில் வைத்த அந்த வரிசை சரியானது என்று உறுதியாகச் சொல்வேன்.

வரிசையைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் முதன்முதலாகப் பொறுப்பேற்று மாற்றிய ஒரு அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஒரே வாரக் கடைசியில் மாற்றினோம். கடிதங்கள் திறந்தன, மின்னஞ்சல் ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போடும் நாள் வந்தது. பல வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றுப் போன ஒரு எழுத்தர் எக்செல்லில் எழுதிவைத்த மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஒன்றில்தான் அந்த அலுவலகத்தின் பிடித்தக் கணக்கு முழுவதும் ஓடுகிறது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவர் எங்களைத் திட்டக்கூட இல்லை. கால்குலேட்டரை எடுத்து முதல் பெயரிலிருந்து கையால் போடத் தொடங்கினார். இரவு வரை நாங்களும் கூட உட்கார்ந்து போட்டோம். அடுத்த வாரம் அந்தக் கணக்கைப் புதிதாக எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் வேலையாக மேக்ரோ உள்ள கோப்புகளை எண்ணிப் பட்டியல் போடுகிறேன். ஒவ்வொன்றும் யாருக்கு, எந்தத் தேதியில் தேவைப்படும் என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்கிறேன்.

அரசுக்கு வெளியே சமூகத்துக்கு என்ன பயன் என்றும் கேட்பார்கள். சின்ன மொழிகள் நல்ல உதாரணம். 1998ல் ஐஸ்லாந்து தன் மொழியில் விண்டோஸ் வேண்டும் என்று கேட்டபோது, சந்தை சின்னது என்று முதலில் மறுக்கப்பட்டது. பிறகு ஒப்புக்கொண்டார்கள் என்றாலும், ஒரு நாட்டின் மொழி கணினியில் வருவதற்கு விற்பவரின் சம்மதம் வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் தன்னார்வலர்கள் யாரையும் கேட்காமல் ஓப்பன் ஆபீஸை அன்று அங்கிருந்த 11 அலுவல் மொழிகளிலும் கொண்டுவந்தார்கள். அதே நாட்டில் பொதுச் சுகாதாரத் தகவலுக்காக 1990களில் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்தது டி.எச்.ஐ.எஸ். 2 என்ற திறமூல மென்பொருள். ஓஸ்லோ பல்கலைக்கழகம் அதை ஒருங்கிணைக்கிறது. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடுப்பூசி, மகப்பேறு, நோய்ப்பரவல் கணக்குகளை அதில் வைத்திருக்கின்றன. அரசுத் துறைகளின் தரவுத்தளங்களைப் பாதுகாப்பாக இணைக்கும் எஸ்டோனியாவின் எக்ஸ் ரோடு 2001ல் தொடங்கியது. 2016ல் அதன் நிரல் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் எஸ்டோனியாவும் பின்லாந்தும் சேர்ந்து அதைப் பராமரிக்க ஒரு பொது நிறுவனமே அமைத்தன. ஒரு நாடு எழுதியதை இன்னொரு நாடு எடுத்துத் தன் தேவைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்பது எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி.

சட்டங்களைப் பற்றி அதிகம் நீட்டவில்லை. பல்கேரியா 2016ல், அரசுக்காக எழுதப்படும் மென்பொருளின் மூலநிரல் திறந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்தது. ஸ்விட்சர்லாந்தில் 2024 ஜனவரியிலிருந்து கூட்டாட்சி அலுவலகங்களுக்கு இதே மாதிரி சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மூன்றாம் நபரின் உரிமையோ பாதுகாப்புக் காரணமோ தடுத்தால் மட்டும் விலக்கு. இந்திய அரசின் 2015 கொள்கை, ஒப்பந்தப்புள்ளிகளில் திறமூலத்தைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும் என்கிறது, விலக்கினால் விற்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. எனக்கு அந்தக் கடைசிப் பகுதி பலவீனமாகத் தெரிகிறது. காரணம் எழுதும் பொறுப்பு வாங்கும் அலுவலகத்தின் மேல் இருக்க வேண்டும்.

மேகச் சேவைகள் வந்த பிறகு பிடியின் வடிவம் மாறியிருக்கிறது. இப்போது மென்பொருளோடு தரவும் வேறொருவரின் கணினியில் இருக்கிறது. 2025ல் அமெரிக்கத் தடைக்குப் பிறகு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞருடைய மின்னஞ்சல் நின்றுபோனதாகச் செய்தி வந்தது. நீதிமன்றத்துக்கான சேவையைத் தான் நிறுத்தவில்லை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. உள்ளே நடந்தது எதுவாக இருந்தாலும், அந்த நீதிமன்றம் திறமூல மென்பொருளுக்கு மாற முடிவு செய்ததாக அதே வருடக் கடைசியில் செய்தி வந்தது. இதைக் குறிப்பில் சேர்த்தால் மறுப்பையும் சேர்த்தே எழுதுங்கள்.

நம் பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும் திறமூலத் திட்டம் ஒரு நாள் உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம். சேவையகங்களில் பயன்படும் டெராஃபார்ம், ரெடிஸ் என்ற மென்பொருள்கள் முறையே 2023லும் 2024லும் அப்படி மாறின. இரண்டு இடத்திலும் சமூகம் பழைய நிரலை எடுத்துத் தனியாகக் கிளைத்துவிட்டது. லிப்ரே ஆபீஸும் 2010ல் அப்படிப் பிறந்ததுதான். கிளைக்க முடிவது பெரிய பலம், ஆனால் கிளைப்பதற்கு ஆள்பலம் வேண்டும். ஆகவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்குமுன் அதன் பின்னால் ஒரு அறக்கட்டளை இருக்கிறதா, பராமரிக்க ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

உங்கள் குறிப்பை இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் அலுவலகத்தின் எந்தெந்த ஆவணங்களைப் பத்து வருடம் கழித்தும் திறக்க வேண்டியிருக்கும், அவை இன்று எந்த வடிவத்தில் இருக்கின்றன என்பதை எழுதுங்கள். இப்போதைய மென்பொருளை விட்டு வெளியேற எவ்வளவு செலவாகும், அந்தத் தொகை வருடா வருடம் ஏறுகிறதா என்றும் அதிலேயே காட்டுங்கள். இரண்டாவது பக்கத்தில் மூன்றே கோரிக்கைகள் போதும். இனி புதிய ஆவணங்கள் திறந்த வடிவத்தில் சேமிக்கப்பட வேண்டும். ஏதாவது ஒரு பிரிவில் ஆறு மாதத்துக்கு லிப்ரே ஆபீஸ் மட்டும், புகார் கேட்க ஒரு ஆளோடு. அடுத்த ஒப்பந்தப்புள்ளியில், நமக்காக எழுதப்படும் நிரலின் மூலமும் உரிமையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற ஒரு வரி. லினக்ஸ் என்ற சொல் இந்தக் குறிப்பில் வர வேண்டிய அவசியமே இல்லை. மியூனிக்கைப் பற்றி அவர்கள் கேட்டால் ஜாந்தர்மெரியின் வரிசையைச் சொல்லுங்கள். மேக்ரோ பட்டியலை மட்டும் குறிப்பு அனுப்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அதில் எத்தனை வந்தது, எந்தெந்தப் பிரிவு என்று இங்கே எழுதினால், எந்தப் பிரிவிலிருந்து தொடங்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.